‘குறை எதுவும் காணப்படவில்லை’: ஸ்கோப் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

போட்டி ரைஃபிள்களுக்கு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) செய்யும் நிறுவனங்களின் வடிவமைப்பாளர்களுக்கும் தரப் பரிசோதனைப் பொறுப்பாளர்களுக்கும்,

பதினொரு வாரம் கழித்து என் ஸ்கோப் திரும்பி வந்தது. பெட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டு: “சோதிக்கப்பட்டது. குறை எதுவும் காணப்படவில்லை. நிர்ணயித்த அளவுகளுக்குள் இயங்குகிறது.” அந்த நிர்ணயித்த அளவு என்ன என்று கேட்டு எழுதினேன். ஜீரோ, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி திருத்தி வைத்த நிலை, எவ்வளவு நகர்ந்தால் குறை, எவ்வளவு வரை குறை இல்லை என்று ஒரே ஓர் எண்ணைத்தான் கேட்டேன். அது நிறுவனத்தின் உள்விவரம், வெளியே சொல்வதில்லை என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என்னோடு சுடுகிறவர்களில் பலர் வேறு வேறு நிறுவனங்களிடமிருந்து இதே சீட்டை வாங்கியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் எல்லோரிடமும் சேர்த்தே கேட்கிறேன்.

நான் சுடுவது பெஞ்ச்ரெஸ்ட், மேஜையில் மணல் பைகளின்மேல் ரைஃபிளை வைத்துச் சுடும் துல்லியப் போட்டி. 6 பிபிசி தோட்டா, ஸ்கோப்போடு சேர்த்து 10.5 பவுண்டைத் தாண்டாத ரைஃபிள், 100 கஜமும் 200 கஜமும் தூரம். ஏழு நிமிடத்துக்குள் ஐந்து குண்டு. ஐந்தும் ஒரே ஓட்டையில் போக வேண்டும் என்பதுதான் எங்கள் விளையாட்டின் மொத்தக் கனவு. 100 கஜத்தில் ஐந்து குரூப்களின் (ஐந்து குண்டும் விழுந்த தொகுதி ஒரு குரூப்) சராசரி அகலம் 0.2 அங்குலத்தைத் தொடும் இடத்தில்தான் பரிசுக்கான போட்டியே நடக்கிறது. அங்கே ஒரு மில்லிமீட்டர் ஒருவரை மேடையில் ஏற்றும், இன்னொருவரைப் பட்டியலின் நடுவில் தள்ளும்.

அன்று நான்காவது குரூப். காற்றுக் கொடிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து அசையாமல் நின்றன. நான்கு குண்டுகள் ஒரே ஓட்டையில். ஐந்தாவது, அதே காற்று, அதே குறி, வலப்பக்கம் ஆறு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. நேரம் மிச்சமிருந்தது. அட்டையின் கீழ்ப்பகுதியில் உள்ள கணக்கில் சேராத சைட்டர் இலக்குக்கு இறங்கி மூன்று குண்டு சுட்டுப் பார்த்தேன். மூன்றும் அதே ஆறு மில்லிமீட்டர் வலப்பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அழகாக உட்கார்ந்தன. காற்று தள்ளிய குண்டு என்றால் அடுத்தது பழைய இடத்துக்கு வந்திருக்கும். இது வரவில்லை. மறுநாள் காலையில் ஏழெட்டு குண்டு கழித்து, நான் எதையும் தொடாமலே, குண்டுகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன.

அப்போதும் நான் ஸ்கோப்பைச் சந்தேகிக்கவில்லை. இரண்டு சீசன் முழுக்க என்னையும் மற்ற எல்லாவற்றையும் சந்தேகித்தேன். பேரலை மாற்றினேன். புல்லட்டின் லாட்டை மாற்றினேன். புல்லட் உட்காரும் ஆழத்தை நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஸ்டாக்கின் பெடிங்கை உரித்து மறுபடி போட்டேன். ட்ரிகரைக் கழற்றிக் கழுவினேன். கைக்குறிப்பேட்டில் அறுபது பக்கத்துக்கு மேல் இருக்கிறது, எல்லாம் தவறான இடத்தில் தேடியதன் பதிவு. ஸ்கோப் மட்டும் ஏன் என் கண்ணில் படவில்லை? கண்ணாடி அவ்வளவு தெளிவு. 200 கஜத்தில் 6 மில்லிமீட்டர் ஓட்டையின் கிழிந்த விளிம்பு தெரிந்தது. இவ்வளவு சுத்தமாகக் காட்டும் கருவி எனக்குத் தவறான இடத்தைக் காட்டும் என்று மனம் ஒப்பவே இல்லை.

கடைசியில் ஒரு மூத்த போட்டியாளர்தான் சொன்னார்: “தம்பி, எல்லாத்தையும் மாத்திட்டே, அதை மட்டும் மாத்தலை.” அவருடைய ஸ்கோப்பையும் கடனாகக் கொடுத்தார். அது உட்பாகங்கள் எப்பாக்ஸியால் ஒட்டி அசையாமல் கட்டப்பட்ட ஸ்கோப். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் எப்படிச் சோதித்தேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன். “நீங்கள் சரியாகச் சோதிக்கவில்லை” என்பதுதான் உங்கள் முதல் பதிலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு ஸ்கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் தாங்கும் ஒரே கட்டியான அலுமினியத் தகடு செய்து ரைஃபிளில் பொருத்தினேன். 100 கஜத்தில் கட்டம் போட்ட தாள். இரண்டு குறுக்கிழைகளும் அந்தத் தாளில் ஒரே புள்ளியில் நிற்கும்படி வைத்தேன். ஒரு குண்டு சுட வேண்டும். பிறகு ரைஃபிளைப் பழைய இடத்துக்குத் தள்ளி, ஒட்டிய ஸ்கோப்பின் குறுக்கிழையைப் புள்ளியில் நிறுத்த வேண்டும். இப்போது மற்ற ஸ்கோப்பில் பார்த்தால் அதன் குறுக்கிழையும் அதே புள்ளியில் இருக்க வேண்டும். இல்லை என்றால் இரண்டில் ஒன்று நகர்ந்திருக்கிறது. எது நகர்ந்தது என்பதை உறுதிசெய்ய மூன்றாவதாக இன்னொரு ஒட்டிய ஸ்கோப்பை என்னுடையதன் இடத்தில் வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தேன்.

இந்த முறையில் என் கை, மூச்சு, காற்று, பேரல், புல்லட் எதற்கும் இடமில்லை. குண்டு எங்கே போய் விழுந்தது என்பதே தேவையில்லை. இரண்டு குழாய்கள், இரண்டு குறுக்கிழைகள், ஒரு கட்டத்தாள், அவ்வளவுதான்.

நாற்பது குண்டு சுட்டேன். ஒட்டிய ஸ்கோப்புகள் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரிய நகரவே இல்லை. என் ஸ்கோப் ஏழு முறை நகர்ந்தது. குறைந்தது எட்டில் ஒரு எம்ஓஏ (கோண அலகு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), அதிகபட்சம் எட்டில் மூன்று எம்ஓஏ. நகர்ந்ததில் பாதி, அடுத்த சில குண்டுகளில் தானாகவே திரும்பி வந்தது. 6 பிபிசியின் பின்னுதைப்பு எவ்வளவு மென்மையானது என்று உங்களுக்குத் தெரியும். எங்களில் பலர் தோளே படாமல் சுடுகிறோம், ரைஃபிள் மணல் பைகளின் மேல் தானாக வழுக்கிப் பின்னால் வரும். அந்த உதையையே தாங்காத ஸ்கோப்பைப் பெரிய தோட்டா சுடுகிறவர்களுக்கும் அதே பெயரில், அதே வாசகங்களோடு விற்கிறீர்கள்.

ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடிக்கும் மவுண்டைக் குறை சொல்வீர்கள். அதையும் பார்த்துவிட்டேன். ரிங்குகளை உள்ளே தேய்த்துச் சமப்படுத்தினேன். அளவுகோல் உள்ள சாவியால் ரிங் ஸ்க்ரூக்களைச் சுமார் 2 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினேன். ரிங் முடியும் இடத்தில் குழாயின்மேல் மெல்லிய கோடு போட்டு வைத்தேன். நாற்பது குண்டுக்குப் பிறகும் கோடு விலகவில்லை. தலையை இப்படி அப்படி அசைத்து பேரலாக்ஸையும் பார்த்தேன், குறுக்கிழை இலக்கின்மேல் மிதக்கவில்லை. ரைஃபிளின் இயல்பான சிதறல்தான் அது என்ற பதிலுக்கும் கணக்கு இருக்கிறது. ஐந்து குண்டு குரூப்பின் அகலம் சராசரியாக, குண்டுகள் ஒரு திசையில் சிதறும் அளவான திட்ட விலக்கத்தைப் போல மூன்று மடங்கு வரும். என் ரைஃபிளின் சராசரி குரூப் கால் அங்குலம். அப்படியானால் அந்த ஐந்து குண்டின் நடுப்புள்ளி, எதேச்சையாக, ஒரு திசையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே ஆடும். என் குறிப்பேட்டில் நடுப்புள்ளி ஆறும் ஏழும் மில்லிமீட்டர் தாவியிருக்கிறது. நான் குரூப்பின் அகலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இது என் கண்ணுக்குத் தப்பியது. நடுப்புள்ளியைக் குறிக்கத் தொடங்கிய அன்றே தெரிந்துவிட்டது.

உள்ளே நடப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலை மற்ற சுடுநர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கோப்பின் வெளிக்குழாய்க்குள் எரெக்டர் என்ற இன்னொரு குழாய் இருக்கிறது. பின்முனையில் அது ஒரு மூட்டில் ஊசலாடும். முன்முனையை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் இரண்டு டரட் (குறியைத் திருத்தத் திருப்பும் குமிழ்) ஸ்க்ரூக்களின் நுனிகள் தள்ளுகின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் அந்தக் குழாயை ஸ்க்ரூக்களோடு அழுத்திப் பிடிக்கிறது. நாம் ஜீரோ என்று சொல்வது முழுவதும் அந்த ஸ்பிரிங்கின் பிடியில் இருக்கிறது. குறுக்கிழை முதல் குவியத் தளத்தில் (எரெக்டருக்கு முன்னால்) இருந்தாலும் சரி, இரண்டாவதில் (அதற்குப் பின்னால்) இருந்தாலும் சரி, எரெக்டர் நகர்ந்தால் குறி நகரும்.

எவ்வளவு நகர்ந்தால்? முன்கண்ணாடியின் குவியத் தூரம் 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டில் ஒரு எம்ஓஏ என்பது அந்த இடத்தில் ஏழு மைக்ரான் சொச்சம். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 100 கஜத்தில் அது 3.3 மில்லிமீட்டர். ஒவ்வொரு குண்டுக்கும் திடீரென்று பின்னால் உதைபட்டுத் திடீரென்று நிற்கும் ஒரு குழாயை ஏழு மைக்ரானுக்குள் திருப்பி உட்கார வைப்பது எளிய வேலை இல்லை. அதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். கடினமான வேலையாக இருப்பதால்தான் அது எந்த அளவுக்கு முடிந்திருக்கிறது என்று சொல்லும் கடமை உங்களுக்கு இருக்கிறது.

உங்கள் விளம்பரத் தாள்களை நான் வரிவரியாகப் படித்திருக்கிறேன். ஒளி எத்தனை சதவீதம் கடக்கிறது, எத்தனை பூச்சு, எத்தனை மடங்கு பெருக்கம், டரட்டை ஒரு கிளிக் திருப்பினால் குறி எவ்வளவு நகரும், மொத்த ஓட்டம் எவ்வளவு, எத்தனை மீட்டர் தண்ணீரில் எத்தனை நிமிடம் தாங்கும் என்று எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. ஜீரோவுக்கு மட்டும் உரிச்சொல்தான். ‘அசையாதது’, ‘நம்பகமானது’, ‘போருக்கேற்ற உறுதி’. சில நிறுவனங்கள் அதிர்ச்சி இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான உதை கொடுத்துச் சோதிப்பதாக எழுதுகின்றன. உதைக்குப் பிறகு ஸ்கோப் உடையாமல் இருந்தது என்பது அதன் பொருளா, குறுக்கிழை இத்தனை மைக்ரானுக்குள் நின்றது என்பது பொருளா? அந்த வரியில் அதற்கு விடை இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் நீங்கள் தீர்க்காமல் வைத்திருக்கிறீர்கள். டரட்டைப் பத்து மில் (இதுவும் ஒரு கோண அலகு) ஏற்றினால் குறி சரியாகப் பத்து மில் ஏறுகிறதா என்பது ஒன்று. ஏற்றி இறக்கினால் பழைய இடத்துக்கு வருகிறதா என்பது இரண்டு. யாரும் எதையும் தொடாதபோது, உதைக்குப் பிறகு உதை வாங்கி அதே இடத்தில் நிற்கிறதா என்பது மூன்று. முதல் இரண்டையும் சுடுநர்கள் டரட்டைத் திருப்பிக் குறியைச் சதுரமாகச் சுற்றவிட்டுச் சுட்டுப் பார்க்கிறார்கள், உயரமான அளவுகோலை நட்டு வைத்துப் பார்க்கிறார்கள். உங்கள் தாள்களும் அவற்றைப் பற்றியே பேசுகின்றன. முதல் இரண்டிலும் முழு மதிப்பெண் வாங்கிய ஸ்கோப் மூன்றாவதில் தோற்கும். என்னுடையது அப்படித் தோற்றதுதான். அதைத் திரும்ப வாங்கிய உங்கள் சேவைப் பிரிவு, அசையாத மேஜையில் கோலிமேட்டருக்கு (குறுக்கிழை நிற்கும் இடத்தை அளக்கும் ஒளிக்கருவி) முன்னால் வைத்து டரட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதியிருக்கிறது. உதைபடும்போது வரும் நோயை உதைக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

எங்கள் பழக்கம் ஒன்றைப் பாருங்கள். கிளிக் மாற்றியதும் காலித் தோட்டாவால் டரட்டின்மேல் இரண்டு தட்டு தட்டுவோம். புதிதாக வருகிறவர்களுக்கும் அதைச் சொல்லித் தருகிறோம். சிலர் இரண்டு கிளிக் கூடுதலாகப் போய்த் திரும்பி வருவார்கள். எதற்கு? திருப்பிய கிளிக்கை எரெக்டர் உடனே ஏற்றுக்கொள்ளாமல், ஸ்பிரிங்கும் உராய்வும் சண்டையிட்டு நடுவில் தொங்கி, அடுத்த குண்டின் உதையில்தான் போய் உட்காரும். அந்தக் குண்டு வீண். பல ஆண்டுகளாக உங்கள் குறையை எங்கள் சடங்காக்கித் தூக்கிச் சுமந்திருக்கிறோம்.

ஒட்டிய ஸ்கோப்புக்கு வருகிறேன். பெஞ்ச்ரெஸ்ட் சுடுநர்கள் நல்ல ஸ்கோப்பை வாங்கி, பிரித்து, எரெக்டரை எப்பாக்ஸியால் அசையாமல் ஒட்டி, டரட்டுகளின் வேலையை முடித்துவிட்டு, குறியைத் திருத்த வெளியே நகரும் மவுண்ட் போட்டுக்கொள்கிறார்கள். உத்தரவாதம் அந்த நிமிடமே போய்விடும். தெரிந்தேதான் செய்கிறார்கள். இது எதை நினைவூட்டுகிறது என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே திருத்தும் ஸ்கோப்புகள் பரவுவதற்கு முன்னால், ஃபெக்கர், அனர்ட்ல் போன்ற இலக்கு ஸ்கோப்புகளில் குழாய்க்குள் நகரும் பாகமே கிடையாது. பின் மவுண்டில் இருந்த மைக்ரோமீட்டர் ஸ்க்ரூக்களே முழுக்குழாயையும் தள்ளித் திருத்தும். உதைக்கும்போது குழாய் மவுண்டுக்குள் வழுக்கும், சுடுநர் கையால் பின்னால் இழுத்துவைத்து அடுத்த குண்டைச் சுடுவார். அசௌகரியம்தான். ஆனாலும் குறி நம்பகமாக நின்றது. இன்றைக்கு உங்கள் மிகச்சிறந்த கண்ணாடியை வாங்கி, அந்தக் காலத்து ஏற்பாட்டுக்கு நாங்கள் பசை போட்டுத் திரும்பிப் போகிறோம். எந்த அறிக்கையும் இதைவிடத் தெளிவாக உங்களுக்குச் சொல்ல முடியாது.

வழி இல்லாமலும் இல்லை. ஜப்பானின் டியான் நிறுவனம் ‘மார்ச் ஜெனிசிஸ்’ என்ற ஸ்கோப்பில் உள்ளே எரெக்டரைச் சாய்ப்பதை விட்டுவிட்டு, முழு ஸ்கோப்பையும் வெளியிலிருந்து சாய்த்துத் திருத்தும் அமைப்பைச் செய்து காட்டியிருக்கிறது. எல்லோரும் அதையே செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது கனமானது, எல்லா ரைஃபிளுக்கும் பொருந்தாது. ஆனால் ‘இதற்கு மேல் முடியாது’ என்ற வாதத்தை இனி என்னிடம் வைக்க முடியாது.

தூரம் கூடும்போது நிலைமை இன்னும் கொடுமை. எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூரப் போட்டியின் இலக்கில் நடுவில் உள்ள எக்ஸ் வளையம் அரை எம்ஓஏ அகலம். 1000 கஜத்தில் அது சுமார் 13 சென்டிமீட்டர். ஜீரோ கால் எம்ஓஏ நகர்ந்தால், நடுவில் விழ வேண்டிய குண்டு அந்த வளையத்தின் விளிம்பில் விழும். அரை எம்ஓஏ நகர்ந்தால் பத்து வளையத்தின் விளிம்புக்கே போய்விடும். அங்கே சுடுகிறவர் அதை ஸ்கோப் என்று எப்படி அறிவார்? காற்று என்றுதான் நினைப்பார். காற்றுக்காகத் திருத்துவார். அடுத்த குண்டில் ஸ்கோப் பழைய இடத்துக்குத் திரும்பும், இரண்டு தவறும் சேர்ந்துகொள்ளும்.

இந்த மடலை எழுத வைத்த காரணங்களில் எனக்கு மிகவும் வலிப்பது என் ஸ்கோப் இல்லை. எங்கள் ரேஞ்சுக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி. நல்ல பொறுமை, நல்ல கண். 300 மீட்டரில் அவருடைய குரூப் அழகாக வரும், நடுவில் திடீரென்று ஒன்றிரண்டு மேலே ஏறும். நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ட்ரிகரைப் பிடுங்குகிறாய் என்றேன். “இல்லை சார், நான் ஜெர்க் பண்ணலை” என்று பல முறை சொன்னார். நான் நம்பவில்லை. காலி ரைஃபிளை வைத்து வாரக்கணக்கில் ட்ரிகர் பயிற்சி கொடுத்தேன். மாறவில்லை. தன்னால் முடியாது என்று அவரே முடிவுசெய்து வருவதை நிறுத்திவிட்டார். பல மாதம் கழித்து அந்த ரைஃபிளை வேறொருவர் எடுத்தபோது அதே மேலேறும் குண்டுகள். ஸ்கோப்பைக் கழற்றி என் தகட்டில் வைத்துப் பார்த்தேன். மேல்கீழ்த் திசையில் கால் எம்ஓஏ தாவிக்கொண்டிருந்தது.

அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். சிரித்துக்கொண்டே “பரவாயில்லை சார்” என்றார். திரும்பி வரவில்லை. அந்தப் பிழையில் என் பங்கை நான் சுமக்கிறேன். ஒரு மாணவியின் சொல்லைவிட ஒரு பெட்டியின்மேல் அச்சடித்த சொல்லை அதிகம் நம்பினேன். ஆனால் அந்தச் சொல்லை அச்சடித்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் என்னால் இந்த மடலை முடிக்க முடியாது.

இப்போது என் கோரிக்கைகள்.

ஜீரோவுக்கு ஓர் எண் வையுங்கள். இத்தனை வலிமையுள்ள இத்தனை உதைக்குப் பிறகு குறுக்கிழை இவ்வளவுக்கு மேல் நகராது என்று மாடல்வாரியாக வெளியிடுங்கள். போட்டிக்கென்று விற்கும் ஸ்கோப்பில் எட்டில் ஒரு எம்ஓஏ நகர்ந்தாலே அது குறை என்று ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களால் அந்த அளவை எட்ட முடியாத மாடல் இருந்தால் முடிந்த அளவை நேர்மையாகப் போடுங்கள். கால் எம்ஓஏ என்று எழுதியிருந்தால், வேட்டைக்குப் போகிறவர் அது போதும் என்று மனநிறைவோடு வாங்குவார். நான் வாங்க மாட்டேன். இருவருக்கும் நல்லது. காற்று ரைஃபிளுக்கு விற்கும் மாடல்களில் ஸ்பிரிங் பிஸ்டன் ரைஃபிளின் முன்னும் பின்னும் அடிக்கும் உதைக்கான எண்ணைத் தனியாகப் போடுங்கள். பெரிய தோட்டாவைத் தாங்கும் ஸ்கோப்பும் அந்த எதிர்த்திசை அடியில் கெட்டுப்போகிறது.

மாதிரிக்கு ஒன்றிரண்டை எடுத்துச் சோதிப்பது போதாது. போட்டி மாடல்களில் ஒவ்வொரு ஸ்கோப்பையும் கோலிமேட்டருக்கு முன்னால் வைத்து, உதைக்கு முன்னும் பின்னும் குறுக்கிழை இருந்த இடத்தை அளந்து, வரிசை எண்ணோடு அந்தத் தாளைப் பெட்டிக்குள் வையுங்கள். டரட் நடு ஓட்டத்தில் இருக்கும்போது மட்டும் அளக்காதீர்கள். 1000 கஜத்துக்கு ஏற்றும்போது டரட் ஓட்டத்தின் கடைசிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது, அங்கே ஸ்பிரிங்கின் பிடியும் மாறுகிறது, எங்களுக்கு அந்த இடத்து எண்ணும் வேண்டும். பக்கவாட்டுக் குமிழால் ஃபோகஸ் மாற்றும்போதும், இரண்டாம் குவியத் தள ஸ்கோப்பில் பெருக்கத்தை மாற்றும்போதும் குறி எவ்வளவு விலகுகிறது, கறுப்புக் குழாய் வெயிலில் சூடேறினால் எவ்வளவு விலகுகிறது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

ஜீரோ நிற்கவில்லை என்று திரும்பி வரும் ஸ்கோப்பை உதைத்துச் சோதியுங்கள். எத்தனை உதை, எவ்வளவு வலிமை, முன்பு எங்கே இருந்தது, பிறகு எங்கே போனது என்று எழுதி அனுப்புங்கள். அந்த எண்கள் இல்லாமல் ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்ற சீட்டை யாருக்கும் அனுப்பாதீர்கள். சுடுநர் தன் சோதனைப் பதிவோடு அனுப்பினால், அதை உங்கள் பொறியாளர் ஒருவர் படித்தார் என்பதற்கு ஒரு வரியாவது பதில் எழுதுங்கள். பதினொரு வாரத்தில் ஒரு சீசனின் பாதி போய்விடுகிறது.

எரெக்டரை ஒட்டி அசையாமல் செய்த, அல்லது திருத்திய பிறகு பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரு நிலைப்பெருக்க மாடலையாவது செய்து விற்பனைக்குக் கொண்டுவாருங்கள். 36 மடங்கோ 40 மடங்கோ போதும். ஒளிரும் குறுக்கிழை வேண்டாம், புதிய பூச்சு வேண்டாம், பத்து வடிவக் குறுக்கிழை வேண்டாம். அதைச் செய்யும் வரை, தகுதியுள்ள கைவினைஞரிடம் கொடுத்து ஸ்கோப்பை ஒட்டிக்கொண்டவர்களின் கண்ணாடிக்கும் வெளிக்குழாய்க்கும் உள்ள உத்தரவாதத்தை ரத்து செய்யாதீர்கள். நீங்கள் விட்ட வேலையைத்தான் அவர்கள் தங்கள் கைக்காசில் செய்து முடித்திருக்கிறார்கள்.

என் ஸ்கோப்பை அதே நிறுவனத்துக்கு இந்த வாரம் மறுபடி அனுப்புகிறேன். நாற்பது குண்டின் பதிவுத்தாள், கட்டத்தாளின் படங்கள், இரண்டு ஸ்கோப் தாங்கும் தகட்டின் வரைபடம் எல்லாம் பெட்டிக்குள் இருக்கும். வேறு எந்த நிறுவனம் கேட்டாலும் அந்த வரைபடத்தை அனுப்பத் தயாராக இருக்கிறேன். இந்த முறை திரும்பி வரும் சீட்டில் ஓர் எண் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்